கழுத்தில் கை வைத்தால் அது கடைசி எச்சரிக்கை

சிவகாசி அருகே நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீயணைப்பு வண்டி வரும். தாசில்தார் வருவார். ஃபோர்மேன் மேல் வழக்குப் பதிவாகும். மருந்து கலக்கும்போது உராய்வா, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்களா, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது, ஆலையைக் குத்தகைக்கு விட்டிருந்தார்களா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். பல நேரம் பதில் கிடைக்காது என்பது வேறு விஷயம். கேள்வியாவது கேட்பார்கள்.

அதே ஊரில் ஒரு பெண் கட்டிய புருஷன் கையால் செத்தால் பேப்பரில் நான்கு வரி வரும். குடும்பத் தகராறு, மனைவி கொலை, கணவர் கைது. எத்தனை வருஷத் தகராறு? அதற்கு முன் அந்தப் பெண் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனார்? எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தார், அங்கே என்ன சொல்லி அனுப்பினார்கள்? கடைசியாக யாரிடம் "எனக்குப் பயமா இருக்கு" என்றார்? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. இந்தக் கொலைகளில் பெரும்பாலானவை சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. சொன்னதைக் கவனிக்க நமக்குத்தான் தெரியவில்லை.

எத்தனை பேர்?

ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டார்கள். ஒரு நாளைக்கு 140 பேர். ஆண்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வெளியேதான் கொல்லப்படுகிறார்கள். பெண்ணுக்கு ஆபத்து சொந்த வீட்டில் இருக்கிறது.

இந்தியாவுக்கு இப்படி ஒரு கணக்கைத் தனியாக எடுக்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் கொலைகள் காரண வாரியாகப் பிரிக்கப்படுகின்றன: குடும்பத் தகராறு, காதல் விவகாரம், தகாத உறவு, வரதட்சணை என்று. கொன்றவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று அந்த அட்டவணை சொல்வதில்லை. தனியாகத் தெரிவது வரதட்சணை மரணம் மட்டும்தான்; 2022-இல் நாடு முழுக்க 6,450. சந்தேகத்தில் வெட்டப்பட்டவர், விவாகரத்து கேட்டதற்காகக் கொல்லப்பட்டவர், பிரிந்துபோன பிறகு தேடி வந்து கொல்லப்பட்டவர் எல்லாம் வேறு வேறு தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறார்கள்.

கொலைக்கு முந்தைய கட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29.3. படிப்பிலும் வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கையிலும் முன்னால் நிற்கிறோம் என்று பெருமை பேசும் மாநிலம் இதில் சராசரியைத் தாண்டி நிற்கிறது. அதே ஆய்வு சொல்லும் இன்னொன்று: வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயும் திறக்கவில்லை.

"குடிச்சா மட்டும்தான் அப்படி"

சனிக்கிழமை சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் கூட்டம். அன்று ராத்திரி எந்த வீட்டில் பாத்திரம் உருளும் என்று தெருவுக்கே தெரியும். "நல்ல மனுஷன்தான், குடிச்சா மட்டும்தான் அப்படி" என்பது நம் பக்கத்துப் பெண்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

குடிக்கும் அடிக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. அடிக்கடி போதையில் இருக்கும் கணவன் உள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்கிறது அதே ஆய்வு. ஆனால் கணவன் குடிப்பதே இல்லை என்று சொன்ன பெண்களிலும் 23 சதவீதம் பேர் அடி வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். போதையில் இருப்பவன் ஃபோர்மேனை அடிப்பதில்லை, கடன் கொடுத்தவரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கை ஓங்குகிறான். யாரை அடித்தால் கேள்வி வராது என்பது போதையிலும் தெளிவாகத் தெரிகிறது.

கொலை வரைக்கும் போகும் வீடுகளில் குடியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கட்டுப்பாடு. அவள் யாரோடு பேசினாள், செல்போனில் யார் நம்பர், ஆலை வேன் எத்தனை மணிக்கு இறக்கிவிட்டது, ஏன் பத்து நிமிஷம் தாமதம். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது. இதையெல்லாம் "பாசம் ஜாஸ்தி", "கொஞ்சம் சந்தேகப் புத்தி" என்று சொல்லிப் பூசி மெழுகுகிறோம். ஜேன் மாங்க்டன் ஸ்மித் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 372 கொலைகளை எடுத்து ஒவ்வொன்றின் பின்கதையையும் தோண்டினார். திடீர் ஆத்திரத்தில் நடந்தது என்று சொல்லப்பட்ட கொலைகளுக்குப் பின்னாலும் ஒரே மாதிரி வரிசை இருந்தது: அவசரமாகத் தொடங்கிய உறவு, பிறகு கட்டுப்பாடு, அந்தக் கட்டுப்பாடு கைநழுவும் ஒரு தருணம், மிரட்டல் முற்றுதல், மனசுக்குள் ஒரு முடிவு, திட்டம், கொலை. கட்டம் கட்டமாக அவர் 2019-இல் அதை வெளியிட்டார்.

நம் நீதிமன்றங்களிலும் "திடீர்க் கோபம்" என்ற வாதம் புதிதில்லை. கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் பாடம். மனைவியின் உறவு தெரியவந்ததற்கும் துப்பாக்கியால் சுட்டதற்கும் இடையில் சுமார் மூன்று மணி நேரம் இருந்தது. அதைத் திடீர்த் தூண்டுதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். அரிவாளை மறைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருபவனுக்கும் அதே பதில்தான்.

எந்த அடையாளத்துக்குப் பயப்பட வேண்டும்?

எல்லா அடியும் கொலையில் முடிவதில்லை. எது முடியும் என்று ஜோசியம் சொல்லவும் முடியாது. ஆனால் அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர்-பேராசிரியர் 1980-களிலிருந்து இதையே ஆராய்ந்து, எந்தெந்த அறிகுறி இருந்தால் ஆபத்து கூடுகிறது என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். பல நாடுகளில் போலீசும் மருத்துவமனைகளும் அந்த மாதிரிக் கேள்விகளை இன்று பயன்படுத்துகின்றன. அவற்றை நம் ஊர் நடப்போடு சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் கழுத்து. கன்னத்தில் அறைவதும் கழுத்தை நெரிப்பதும் ஒரே தரத்துக் குற்றம் மாதிரிதான் நாம் பேசுகிறோம். "கழுத்தப் புடிச்சிட்டாரு, அப்பறம் விட்டுட்டாரு." விட்டுவிட்டதால் பெரிதாகத் தெரிவதில்லை. ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், அதே ஆள் கையால் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கழுத்தில் கை வைப்பவன், உன் மூச்சு என் கையில் இருக்கிறது என்று காட்டுகிறான்.

இதில் ஒரு மருத்துவச் சங்கதியும் இருக்கிறது. கழுத்து நெரிபட்டால் சில வினாடிகளில் நினைவு தப்பலாம். வெளியே தடயமே இல்லாமலும் போகலாம்; அமெரிக்காவின் சான் டியாகோவில் 300 வழக்குகளைப் பார்த்தபோது பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரிகிற காயமே இல்லை. குரல் கம்மிப்போவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போனது — இவைதான் அடையாளம். கழுத்து ரத்தக்குழாயில் அடிபட்டிருந்தால் சில நாள் கழித்துப் பக்கவாதம்கூட வரலாம். காயம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், கழுத்தை நெரித்தார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆயுதம். அரிவாளை எடுத்துக் காட்டுவது, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவேன் என்று மிரட்டுவது. வெடிமருந்தும் திரியும் புழங்கும் ஊரில் இந்த மிரட்டலை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "உன்னையும் கொன்னு நானும் செத்துருவேன்" என்பதும் இந்த வகைதான். அதைக் கேட்டுப் பலர் இரக்கப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய வாக்கியம் அது.

கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது, வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து நிற்பது, நாய், ஆடு, கோழி என்று அவள் வளர்க்கும் உயிர்களைக் கொல்வது, வேலை போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு அடி அதிகமாவது, இவையும் எச்சரிக்கைதான். கடைசியாகச் சொன்னதற்கு நம் பக்கத்தில் தனி அர்த்தம் உண்டு. தீபாவளி முடிந்து ஆலைகள் சாத்திக் கிடக்கும் வாரங்களில் வீட்டில் பணமும் இல்லை, ஆளுக்கு வேலையும் இல்லை, வாரத் தவணைக்காரர் மட்டும் வாசலில் நிற்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பிரிந்து போகும் நேரத்தில்தான். இது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். வீட்டைவிட்டு வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். கேம்பெல் குழுவினர் அமெரிக்காவின் 11 நகரங்களில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மிகவும் கட்டுப்படுத்தும் குணமுள்ள ஆளை விட்டுப் பிரியும்போது கொலை ஆபத்து ஒன்பது மடங்காவது தெரிந்தது.

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. நெல்லைப் பக்கத்துப் பெண் ஒருவர் கணவரைப் பிரிந்து வந்து கோவையில் மகளிர் விடுதியில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த கணவர் மறைத்து வைத்திருந்த அரிவாளால் விடுதியிலேயே வெட்டிக் கொன்றார், உடலோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார் என்பது போலீஸ் வழக்கு. அதே ஆண்டு ஜூலையில் திருநின்றவூரில் ஒரு பெண் நகராட்சிக் கவுன்சிலர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கணவர் போய் போலீசில் சரணடைந்தார். படிப்பு, பதவி, சம்பளம் எதுவும் தானாகக் கவசமாகிவிடுவதில்லை. 2019 செப்டம்பரில் கனடாவின் ஸ்காபரோவில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஈழத்தமிழ்ப் பெண்ணை பிரிந்த கணவர் தெருவில் துரத்தி வெட்டிக் கொன்றார். அவர் நெருங்கவே கூடாது என்று நீதிமன்றக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது. தாள் மட்டும் காப்பாற்றாது. அதை மீறிய முதல் நாளே யாராவது அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்க வேண்டும்.

பிரிவது ஆபத்து என்பதால் பிரியாதே என்று அர்த்தமில்லை. சொல்லிவிட்டுப் பிரியாதே என்றுதான் அர்த்தம். "நாளைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன், கேஸ் போடப் போறேன்" என்று சண்டையின் சூட்டில் அறிவிக்காதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு இவற்றின் நகலை நம்பகமான ஒருவர் வீட்டில் முன்னாலேயே வைத்துவிடுங்கள். போனில் உதவி எண்ணைக் கூப்பிட்ட பதிவை அழித்துவிடுங்கள். பிரிந்த பிறகு "கடைசியா ஒரு தடவ பேசணும், தனியா வா" என்றால் போகாதீர்கள். இந்த ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லலாம். பேச வேண்டியது இருந்தால் ஸ்டேஷனில், வக்கீல் முன்னால், பத்துப் பேர் நடமாடும் இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் பொய்

"எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்."

அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருபவர்களுக்கு விபத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். யார் அடித்தது, எதால், எங்கே, எத்தனை மணிக்கு, காயம் எத்தனை சென்டிமீட்டர் என்பதெல்லாம் அதில் ஏறும். புருஷன் பக்கத்திலேயே நிற்பான் என்பதால் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்: "நீங்களே வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறீர்களே." டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கணவர் அடித்தார் என்ற இரண்டு வார்த்தை அந்தப் பதிவேட்டில் ஏறினால் போதும், புகார் கொடுக்கிற முடிவைப் பிறகுகூட எடுக்கலாம்.

தீக்காயத்தில் இந்தப் பொய் இன்னும் கொடுமையானது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருப்பதும், கடுமையான கேஸ்களை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் பட்டாசு விபத்துகளால் எல்லோருக்கும் தெரிந்தது. அதே வார்டுக்கு வீட்டில் எரிந்த பெண்களும் வருகிறார்கள். "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று சொல்லச் சொல்லி மாமியார் காதருகே நிற்பார். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற பயத்தில் அந்தப் பெண்ணும் அதையே சொல்வார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரிடம் மாஜிஸ்திரேட் நேரில் வந்து வாக்குமூலம் வாங்க முடியும். நம்பத்தக்கதாக இருந்தால் அந்த ஒரு வாக்குமூலத்தை வைத்தே தண்டனை கொடுக்கலாம். அந்த நேரத்தில் உறவுக்காரர்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், பெண்ணைப் பெற்றவர்களும்தான்.

இறந்த பிறகு சட்டம் என்ன செய்கிறது

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறின, விஷயம் ஏறக்குறைய அதே. கணவனும் அவன் குடும்பத்தாரும் செய்யும் கொடுமைக்கு இருந்த 498-ஏ இப்போது 85, 86-ஆம் பிரிவுகள். வரதட்சணை மரணத்துக்கு இருந்த 304-பி இப்போது 80-ஆம் பிரிவு. குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கொலைக்கு 302 போய் 103 வந்திருக்கிறது.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் சந்தேகப்படும்படி இறந்தால் போலீஸ் விசாரணை மட்டும் போதாது. கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். சிவகாசிப் பகுதியில் என்றால் சார் ஆட்சியர். பெண்ணைப் பெற்றவர்கள் போலீசிடம் சொல்லப் பயந்ததை அங்கே சொல்லலாம். ஏழு வருஷம் தாண்டிவிட்டால் வழக்கே இல்லை என்று சிலர் ஊரில் கிளப்பிவிடுவது சுத்தப் பொய். கொலைக்கோ கொடுமைக்கோ தற்கொலைக்குத் தூண்டியதற்கோ கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குள் என்ற வரம்பு கிடையாது.

"ராத்திரி நான் தூங்கிட்டேன், காலைல பாத்தா செத்துக் கிடந்தா" என்று சொல்லித் தப்பவும் வழி குறைவு. கதவு சாத்திய வீட்டுக்குள் கணவன் இருந்தபோது மனைவி கொல்லப்பட்டால், என்ன நடந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு அவனுக்கு உண்டு என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனைவியைக் கொன்றவன் அவள் நகையையோ நிலத்தையோ வாரிசாக அடையவும் முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாததால், அம்மாவும் போய் அப்பாவும் ஜெயிலுக்குப் போன பிள்ளைகளின் சொத்தைச் சித்தப்பனும் பெரியப்பனும் பேசித் தீர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச மாவட்டக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. 1098-க்கு அழைத்தால் அங்கே கொண்டுசேர்ப்பார்கள்.

கொலை என்று எழுதப்படாத சாவுகளும் உண்டு. 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் 23,179 பேர். அதில் 3,221 பேர் தமிழ்நாடு. எல்லா மாநிலங்களிலும் அதிகம். 2025 ஜூனில் அவிநாசி அருகே, கல்யாணமாகி மூன்று மாதம்கூட முடியாத பெண் ஒருவர் தன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்பிவிட்டு உயிரை விட்டார். மாநிலமே அந்தக் குரலைக் கேட்டது. அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கே வந்தால் 104 அல்லது 14416 எண்ணை அழையுங்கள். மறுமுனையில் தமிழில் பேசுவார்கள்.

உயிரோடு இருக்கும்போது சட்டம் என்ன செய்யும்

என்னைக் கேட்டால், தண்டனைச் சட்டத்தைவிட இங்கே முக்கியமானது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னும் ஸ்டேஷன் பேச்சிலும் தெருப் பேச்சிலும் 498-ஏ அளவுக்கு அடிபடவில்லை. காரணம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் யாரையும் உடனே பிடித்து உள்ளே போடுவதில்லை. பல பெண்களுக்குத் தேவையும் அது இல்லை. அடிக்காமல் இருக்க வேண்டும், வீட்டைவிட்டுத் துரத்தாமல் இருக்க வேண்டும், பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். அதற்குத்தான் இந்தச் சட்டம்.

அடி மட்டுமல்ல, கேவலமாகத் திட்டுவது, பாலியல் கட்டாயம், சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை அடகு வைப்பது எல்லாமே இதில் வன்முறை. தாலி கட்டிய மனைவிக்கு மட்டும் என்றில்லை. தாய், சகோதரி, மகள், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர் எல்லோரும் மனு போடலாம். சேர்ந்து வாழ்வது எப்போது கல்யாணம் மாதிரி எடுத்துக்கொள்ளப்படும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்த வழக்கு நம் கோவையிலிருந்து போனதுதான். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், மருமகள் அங்கே குடியிருந்திருந்தால் அந்த வீட்டில் இருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொன்னது. "இது எங்கப்பா கட்டுன வீடு, வெளிய போடி" என்பது இனி அவ்வளவு சுலபமில்லை.

மாஜிஸ்திரேட் என்ன உத்தரவெல்லாம் போடலாம்? நெருங்காதே, வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, போன் செய்யாதே என்று தடுக்கலாம். அவனையே வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். பணமும் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும் வாங்கித் தரலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவும் போடலாம். மனு கொடுத்ததிலிருந்து பொதுவாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். 60 நாளில் முடிந்த வழக்கைக் காட்டுங்கள் என்று வக்கீல்கள் சிரிப்பார்கள். ஆனால் இடைக்கால உத்தரவைக் கேட்டு வாங்கலாம், அதை வலியுறுத்துங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறுவது ஜாமீனில் விட முடியாத குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீறிய முதல் தடவையே, ஒரு போன் கால் என்றாலும், எழுதிக் கொடுங்கள்.

எங்கே போவது? ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத் துறையின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நாரணாபுரத்திலிருந்து விருதுநகர் போக வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உண்மையான கஷ்டம். அதற்கு வேறு வழிகள் உண்டு. 181 மகளிர் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். அவர்கள் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே சில நாள் தங்கவும் இடம் உண்டு. மனுவை அம்மா வீடு இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 112.

அனைத்து மகளிர் காவல் நிலையம் என்ற ஏற்பாட்டை 1992-இல் சென்னையில் தொடங்கியது தமிழ்நாடு. நாடே திரும்பிப் பார்த்தது. அங்கே நடப்பதில் எனக்கு ஒரு குறை. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளில் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி, சேர்த்து அனுப்புவதுதான் பல இடங்களில் பழக்கம். சாதாரணச் சண்டைக்கு அது சரி. கழுத்தை நெரித்தான், அரிவாளை எடுத்தான் என்று வரும் பெண்ணையும் அதே தாளோடு அதே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எந்தச் சமாதானம் பேசினாலும் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். வேறு ஊரில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. "எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல், இப்படி ஒரு கொலை நடந்தால் போலீஸ், மருத்துவமனை, உள்ளூர் நிர்வாகம் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து எந்த இடத்தில் எந்த எச்சரிக்கையைக் கோட்டைவிட்டோம் என்று ஆராய வேண்டும் என்பது சட்டம். கனடாவின் ஒன்டாரியோவில் 2003-லேயே இதற்குக் குழு உண்டு. தமிழ்நாட்டு அரசு நினைத்தால் மாவட்டத்துக்கு ஒன்று அமைக்கலாம். ஆட்சியர், எஸ்.பி., சமூக நல அலுவலர், அரசு மருத்துவர் எல்லோரும் ஏற்கெனவே மாதம் ஒருமுறை ஏதோ ஒரு கூட்டத்தில் உட்காருகிறவர்கள்தான்.

கடைசியாக, அடி வாங்காத வாசகர்களுக்கு. பக்கத்து வீட்டுச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது. ஆலையில் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைப்பவளின் கழுத்துக் கன்றல் உங்கள் கண்ணில் படுகிறது. "மதினி, என்ன இது?" என்று யாரும் இல்லாத நேரத்தில் ஒரு தடவை கேளுங்கள். அவர் வழுக்கி விழுந்தேன் என்றாலும், இன்னொரு நாள் திரும்பவும் கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, வன்முறை நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.